ட்ராம்பே ஜெட்டி, மூன்றாம் நாள்

கயிற்றை இழுத்தால் இருமுகிறது.
மறுபடி இழுத்தால்
கைப்பிடியைப் பிடுங்கிக்கொண்டு
பின்பக்கமாக உதைக்கிறது.
"கண்டன்சர் போச்சு" என்றேன்.
காலையிலிருந்து நான்காம் முறை.

பெயர்த்தகடு உப்பில் கரைந்துபோன மோட்டார்.
ஒற்றை சிலிண்டர், வெளிநாட்டுப் பித்தளை.
பச்சைக்கு மேல் நீலம், நீலத்துக்கு மேல்
மந்தா வைத்தியின் மாமனார்
மிச்சக் கதவுப் பெயின்டில் அடித்த மஞ்சள்.
நாரளி பௌர்ணமிக்கு இன்னும் நான்கு நாள்.
தேங்காயைத் தண்ணீரில் விட்ட மறுநாள்
எல்லாப் படகும் கழிமுகம் தாண்டும்.

நான் ரிக்‌ஷா வயரிங் ஆள், சீத்தா கேம்ப்.
கடல் எனக்குக் காற்றில் வரும் நாற்றம் மட்டும்தான்.
காயில் எங்கிருந்தாலும் காயில்தானே என்று பேசி
முன்பணம் வாங்கிவிட்டேன்.

முதல் நாள்
ப்ளக்கைக் கழற்றி எஞ்சின் தலையில் சாய்த்து
தார்ப்பாயை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.
உள்ளே ஒரு முழம் இரவு,
டீசல் வாசம், என் மூச்சு.
"கீச்!" என்று கத்தினேன். மந்தா இழுத்தாள்.
மஞ்சளாக ஒரு பொறி,
பீடி நுனி மழையில் அணைவதுபோல.

இரண்டாம் நாள்
ஃப்ளைவீலைக் கழற்றினேன்.
பாயின்ட் முழுக்கப் பச்சைக் களிம்பு.
வார்டு எலெக்‌ஷனில் தோற்றவரின் விசிட்டிங் கார்டைப்
பெட்ரோலில் நனைத்து
இரண்டு முனைக்கும் நடுவே உருவினேன்.
கும்பிட்ட கையோடு அவர்
கறுப்பாகி வெளியே வந்தார்.
ஃபீலர் கேஜ் இருபது தௌ,
போகவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும்.
மறுபடி தார்ப்பாய். இந்தத் தடவை நீலம்,
சுள்ளென்று, காதில் கேட்கும் நீலம்.

நீல ட்ரம்மில் கழிநீர் நிரப்பி
மோட்டாரைத் தொங்கவிட்டோம்.
பத்து எண்ணும்வரை ஓடியது.
பதினொன்றில் ஒரு வெடி.
மாடிகளில் கைக்குழந்தைகள் எல்லாம் அழுதன.

அப்போதுதான் கண்டன்சர் என்றேன்.
குர்லாவில் வாங்கிய ராஜ்தூத் கண்டன்சர்,
நூற்று எண்பது ரூபாய்.
மாட்டினேன். அதே உதை.

நெருப்பு இருக்கிறது. பெட்ரோல் இருக்கிறது.
நீருக்கு அப்பால் மரங்களின் மேல்
அணு உலையின் வெள்ளைக் குவிமாடம்.
இங்கே ஒரு பொறி சொன்ன நேரத்துக்கு வரவில்லை.

சொன்ன நேரம்.
கையிலிருந்த ஸ்க்ரூ ட்ரைவரைக் கீழே வைத்தேன்.

ஃப்ளைவீலை மறுபடி தூக்கினால்
அச்சின் காடியில் அந்த அரைவட்டச் சாவி,
நகத்துணுக்கு அளவு இரும்பு,
குறுக்கே நறுக்குப்பட்டு
மேல்பாதி ஓர் அரிசிக் கனம் நகர்ந்திருந்தது.
அவ்வளவுதான்.
பிஸ்டன் மேலே வந்து சேருமுன்னே
பொறி வந்து அடித்திருக்கிறது.

"தன்னாலயா வெட்டிச்சு?" என்று
இந்தியில் கேட்டாள் மந்தா.
இரண்டாம் நாள் சாயங்காலம் நினைவுக்கு வந்தது.
முப்பத்திரண்டு ஸ்பானர் இல்லை.
பைப் ரெஞ்சில் நட்டைத் திருப்பிக்கொண்டிருந்தபோது
வீட்டுக்காரர் போன், வாடகை.
போனை வைத்தேன்.
நட்டுக்குத் திரும்பவில்லை.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.
பழைய சாமான், யாருக்குத் தெரியும்.
"இல்ல. நான்தான் இறுக்கல" என்றேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
மீன்கூடைத் துண்டில் கையைத் துடைத்தாள்.
யாருடைய படகுக்கோ போய்
நீளமான ஸ்பானரோடு வந்தாள்.
புதுச் சாவியை வைத்து நட்டை ஏற்றினேன்.
ஸ்பானரின் முனையில் அவள் ஒரு காலைத் தூக்கி வைத்து
மொத்த உடம்பையும் அதன்மேல் நிறுத்தினாள்.
எங்கோ ஒரு கிறீச்.
"ஆதா?" என்றாள்.
இப்போ சரி.

முதல் இழுப்பு அவளுடையது, வரவில்லை.
இரண்டாவதில் ட்ரம் பொங்கியது.
தண்ணீரோடு அள்ளி வந்திருந்த
இறால் குஞ்சுகள் என் சட்டையெல்லாம்.
புகைக்குள் நின்று அவள் ஏதோ கத்தினாள்,
கேட்கவில்லை.
பிறகு விரல்களால் எழுதிக் காட்டினாள்:
ஒன்று, எட்டு, பூஜ்யம்.
கூலியில் கழித்துக்கொள்ளச் சொன்னாள்.